பாதாளத்தில் கருவாட்டு வாசனை

எங்கள் வட்டாரத்து பிளம்பர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்கவில்லை. முழங்கால் இரண்டும் மக்கர் செய்து நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. போன வாரம் அதில் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டுக்குக் கீழ பேஸ்மென்ட்ல வாஷிங் மெஷின் வைக்கிறோம். கழிவுத் தண்ணிக்கு ஏர் பைப் அவசியமா?" வரிசையாகப் பதில் விழுந்தது. "தேவையில்ல." "வெட்டி வேலை." "தண்ணி போனா போதும் ப்ரோ." நான் "அவசியம்" என்று ஒரே சொல் போட்டேன். உடனே, "ஏன்னு விளக்கமா சொல்லுங்கண்ணே" என்று பிடித்துக்கொண்டார்கள். குரல் பதிவில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் மனைவி வந்து, "யாரைப் போட்டு இப்படித் திட்டுறீங்க?" என்று கேட்டாள். ஆகவே எழுதிவிடுகிறேன். திட்டு என்று பார்த்தால் அது எனக்குத்தான்.

என் பெயர் செல்வராசு. ஐ.டி.ஐ.யில் குழாய்க்கு மரை போடவும், போட்ட மரையில் விரலை வெட்டிக்கொள்ளாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தபின், தங்கவேல் ஓவர்சியருக்குக் கீழே பதினாறு வருஷம்.

தங்கவேல் ஓவர்சியர் முழுக்கை வெள்ளைச் சட்டை போடுவார். கைப் பொத்தானைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "டேய் செல்வராசு" என்பவர், வேலையில் தப்புக் கண்டுபிடித்தால், "வாங்க செல்வராசு, இப்படி உக்காருங்க, காப்பி சாப்பிட்டீங்களா?" என்பார். யாரும் உட்கார மாட்டோம். ஒருமுறை ஒரு கொத்தனாரிடம் "தங்களுடைய" என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் மறுநாள் வேலைக்கே வரவில்லை.

வேலையைச் சோதிக்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மாடி பாத்ரூமில் போய் நிற்பார். "நான் இப்ப தண்ணி" என்பார். பிறகு குழாய் போகிற வழியெல்லாம் நடந்து வருவார். குழாய் வளைந்தால் அவரும் வளைவார். சரிவு போதாத இடத்தில் நின்று, "எனக்கு நடக்க முடியல" என்பார். கடைசியில் செப்டிக் டேங்க் மூடிமேல் வந்து நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். சரியாக வந்துவிட்டார் என்று நாங்கள் மூச்சு விடும்போது திரும்பவும் மாடி ஏறுவார். "நான் இப்ப காத்து." அந்த இரண்டாவது நடையில்தான் நாங்கள் மாட்டுவோம்.

காற்றுக்கு ஏன் நடை என்பது கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் புரிந்தது. அங்கே மாடியில் யாராவது ஃப்ளஷ் செய்தால் கீழ் அறை கழிப்பறையில் 'கொளக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த அறையில் தங்கிய ஜவுளி வியாபாரி, உள்ளே யாரோ ஏப்பம் விடுகிறார்கள் என்று கதவைத் தட்டி, "சீக்கிரம் வாங்க சார்" என்று கால் மணி நேரம் காத்திருந்தாராம். ஓவர்சியர் போய்ப் பார்த்தார். மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருந்த ஏர் பைப்பின் வாயில், கொடிக்கயிறு கட்டுவதற்காக யாரோ சிமெண்டை அடைத்து ஒரு கொக்கி நட்டிருந்தார்கள். அதை உடைத்தோம். ஏப்பம் நின்றது. "தண்ணி உள்ள போனா காத்து வெளிய போகணும். தண்ணி வெளிய போனா காத்து உள்ள வரணும். நீ வழி விடலேன்னா அது தானா வழி பண்ணிக்கும். அது பண்ற வழி உனக்குப் பிடிக்காது" என்றார்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ஓவர்சியர் காலமாகி, நான் தனியாக வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த காலம் அது.

நன்னிலம் பக்கத்தில் ராஜமாணிக்கம் என்று ஒரு பெரிய விவசாயி. இருபது வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்து வீடு கட்டினார். நம் பக்கம் நாலடி தோண்டினால் தண்ணீர் வந்து விசாரிக்கும். அதில் யாரும் பேஸ்மென்ட் கட்டுவதில்லை. அவர் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டையே உயரத் தூக்கி, கீழே பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு தளம் விட்டிருந்தார். நெல் மூட்டை அடுக்க நல்ல இடம். அவர் அதை பேஸ்மென்ட் என்பார். அவர் மனைவி சௌந்தரம் அம்மா அதைப் பாதாளம் என்பார். ஊரில் எல்லோருக்கும் பாதாளம்தான்.

மகனுக்குக் கல்யாணம் ஆனபோது மருமகளோடு வாஷிங் மெஷினும் வந்தது. அதைப் பாதாளத்தில் வைப்பது என்று முடிவாகி என்னைக் கூப்பிட்டார்கள். கீழ்த்தளம் செப்டிக் டேங்க் குழாயைவிடத் தாழ்வு. தண்ணீர் தானாக ஏறாது. ஆகவே தரையில் ஒரு குழி எடுத்து, மெஷின் தண்ணீர் அதில் சேர்ந்து, நிரம்பியதும் மோட்டார் அதை மேலே தள்ளுகிற மாதிரி செய்ய வேண்டும். "மோட்டார்தான் இருக்கே" என்று பாத்திரம் தேய்க்கும் தண்ணீரையும் அந்தக் குழிக்கே திருப்பச் சொன்னார் ராஜமாணிக்கம். திருப்பினேன். தரையைக் கழுவினால் தண்ணீர் போக ஒரு துவாரமும் வைத்தேன். அதற்கு அடியிலும், மெஷின் குழாயிலும் டிராப் உண்டு. குழாய் வளைந்து ஒரு கை தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிற இடம் அது. அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்கு நாம் போடுகிற கதவு.

"ஐயா, குழியிலேருந்து மொட்டை மாடி வரைக்கும் ஒரு ஏர் பைப் ஏத்தணும்" என்றேன்.

"எதுக்கு?"

"காத்து போக வரத்தாங்க."

"காத்துக்கு எதுக்குப்பா குழா? அதுதான் எல்லா எடத்துலயும் இருக்கே."

நான் விளக்கினேன். சௌந்தரம் அம்மா பைப் எந்த வழியாகப் போகும் என்று கேட்டார். உள்ளே போனால் பூஜை அறை மூலை. வெளியே போனால் புதிதாகப் பெயிண்ட் அடித்த முன்பக்கச் சுவர். "சாமி தலைக்கு மேல சாக்கடைக் குழாயா?" என்றார் அம்மா. "முன்னாடி சுவத்துல குழாய் ஓடுனா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றார் ஐயா. இரண்டு பேரும் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நானும் சரி என்றுவிட்டேன். இன்னும் இரண்டு தரம் வற்புறுத்தியிருக்கலாம். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகவும் ஒரு வழி இருந்தது. ஆனால் அது ஒரு நாள் கூடுதல் வேலை. எனக்கு மறுநாள் பேராவூரணியில் ஒரு வேலை காத்திருந்தது. இதுதான் உண்மை.

குழி மூடிக்கு ரப்பர் வைத்து, சுற்றிலும் பசை தடவி, ஒரு எறும்புகூடப் போக முடியாதபடி அடைத்தேன். "செல்வராசு வேலைன்னா சுத்தம்" என்றார் ராஜமாணிக்கம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து, சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். வாசல்படியில் கால் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த மூக்கு. நேரே போய்க் குழாயை மாற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆனால் சமையலறையில் சௌந்தரம் அம்மா நின்றிருந்தார். அவர் கதையை ஆரம்பித்துவிட்டார்.

முதலில் எலி செத்துக் கிடக்கிறது என்று நெல் மூட்டையெல்லாம் இறக்கி ஏற்றினார்களாம். எலி இல்லை. பிறகு வாஸ்து பார்க்கிறவரை அழைத்து வந்தார்கள். அவர் கீழ்த்தளத்தை நன்றாகக் கழுவிவிடச் சொல்லி, கற்பூரம் காட்டி, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். அன்றே நாற்றம் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடி கழுவி, மறுபடி பழம். மறுபடி போனது, மறுபடி வந்தது. "அவரு கைராசிக்காரருதான். ஆனா வீட்டுக்குள்ளயே ஒரு ஆளு வேலை பண்ணா அவரு என்ன செய்வாரு?" என்றார் அம்மா.

"என்னம்மா சொல்றீங்க?"

அம்மா குரலைத் தாழ்த்தினார். அது தாழ்ந்தும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "கருவாடு."

அந்த வீடு சைவம். மருமகள் கலைவாணி அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்துப் பெண். அப்பா முத்தையாவுக்குச் சொந்தப் படகு. மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு, ஆறாம் மாதம் வேலைக்கு சிங்கப்பூர் போய்விட்டான். கலைவாணி திருவாரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு மாமனார் மாமியாரோடு இருந்தது.

அம்மாவிடம் ஆதாரம் இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. "அவ பாதாளத்துக்கு எறங்கிட்டு ஏறுனா, பின்னாடியே வாசனை ஏறுது. நான் எறங்குனா வரல. போன மாசம் அவ அப்பா வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தா. ஒருவாட்டி கீழ கழுவிவிட்டதுதான், நாலு நாளும் வீடு கோயில் மாதிரி இருந்துச்சு. வந்து அன்னிக்கே துணி போடுறேன்னு எறங்குனா. ஆரம்பிச்சிடுச்சு. மூட்டைக்கு நடுவுல எங்கயோ ஒளிச்சு வச்சுத் தின்னுறா செல்வராசு."

வாஷிங் மெஷினை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் கலைவாணி என்பதையும், பாத்திரத் தண்ணீர் மட்டும் என்றால் குழி நிரம்பி மோட்டார் ஓட நாலைந்து நாள் ஆகும் என்பதையும் அம்மா யோசிக்கவே இல்லை. நான் யோசித்தேன். யோசித்துவிட்டுப் பேசாமல் ஸ்பேனரைத் திருகினேன். குழாய் எப்போதோ சரியாகிவிட்டது. நான்தான் திருகிக்கொண்டே இருந்தேன்.

அம்மா பூஜை அறைக்குப் போனதும் கலைவாணி வந்தது. கையில் ஒரு சின்ன நோட்டு. கண் சிவந்திருந்தது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம் கேக்கலாமா? நீங்கதானே கீழ லைன் போட்டது?"

"ஆமாம்மா."

"மூணு வாரமா எழுதி வச்சிருக்கேன். மெஷின் தண்ணிய விடும். கொஞ்ச நேரத்துல மோட்டார் ஓடும். மோட்டார் நின்ன பத்து நிமிஷத்துல வாசனை வருது. ஒரு தடவகூட மாறல. தரையக் கழுவிவிட்டா நின்னுடுது. இதுக்கு என்னண்ணே அர்த்தம்?"

பதினாறு வருஷம் ஓவர்சியரிடம் நான் கற்றதை அந்தப் பெண் மூன்று வாரத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தது. "வேலை இருந்தா பாக்குறேன்மா" என்று உளறினேன்.

"பரவால்லண்ணே. இன்னிக்கு எங்கப்பா வர்றாரு. நான் ஊருக்குப் போறேன். அத்தை நேத்து என் பெட்டியைத் தெறந்து மோந்து பாத்தாங்க" என்றது.

அப்போதுதான் கூடத்தில் கட்டி வைத்திருந்த பைகளைப் பார்த்தேன். ஒரு ஏர் பைப் போடாததற்கு இவ்வளவு தூரம் ஒரு குடும்பம் நடந்து வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முத்தையா அந்நேரமே வந்துவிட்டார். மேல்துண்டு, கருத்த உடம்பு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ராஜமாணிக்கம் நாற்காலி போட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சௌந்தரம் அம்மாதான் தொடங்கினார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு பழக்கத்த விட முடியாம..."

"இருங்க" என்றார் முத்தையா. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். ஒரு தரம். இரண்டு தரம். எழுந்து பாதாளப் படி வரை போய் அங்கே ஒரு தரம். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க. இது ஒண்ணு தெரியும். நெத்திலி ஒரு வாசனை. வாளை ஒரு வாசனை. சுறா போட்டா தெருவே எந்திரிக்கும். எதுவா இருந்தாலும் கருவாட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. பசிக்க வைக்கும். இது பசிக்க வைக்கலீங்க. இது சாக்கடை."

ராஜமாணிக்கம் முகம் கறுத்தது. "எங்க வீட்ல சாக்கடையா? வேலை பண்ணது யாரு தெரியுமா? செல்வராசு. இந்தா நிக்கிறாரே. கேளுங்க."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஓவர்சியர் இருந்திருந்தால் "உக்காருங்க செல்வராசு, காப்பி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருப்பார்.

"அவரு சொல்றது சரிங்கய்யா" என்றேன். "தப்பு என்னோடது. கீழ வாங்க, காட்டுறேன்."

எல்லோரும் இறங்கினோம். சௌந்தரம் அம்மா மூக்கில் முந்தானையோடு வந்தார். ஒரு வாளித் தண்ணீரைத் தரைத் துவாரத்தில் ஊற்றி டிராப்பை நிரப்பினேன். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி உள்ளே விட்டு எடுத்தேன். இரண்டு விரற்கடைக்கு நனைந்திருந்தது. "இந்தத் தண்ணி இருக்கிற வரைக்கும் நாத்தம் வராது. மோந்து பாருங்க" என்றேன். ராஜமாணிக்கம் குனிந்து மோந்தார். வரவில்லை.

கலைவாணியை மெஷினை ஓட விடச் சொன்னேன். மெஷின் தண்ணீரை விட்டது. தரைத் துவாரம் 'கொளக் கொளக்' என்றது. அம்மா ஒரு படி பின்னால் ஏறினார். பூஜை அறையிலிருந்து கொண்டுவந்த ஊதுபத்தியைத் துவாரத்துக்கு மேலே பிடித்தேன். புகை எங்கள் முகத்துக்கு அடித்தது.

"நான் இப்ப தண்ணி" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மெஷினிலிருந்து குழி வரை நடந்து காட்டினேன். "நான் உள்ள வந்துட்டேன். உள்ள இருந்த காத்து எங்க போகும்? மூடிய நான் சீல் வச்சிட்டேன். மேல குழாய் இல்ல. அதான் இந்த ஓட்டை வழியா முட்டிக்கிட்டு வருது."

மோட்டார் ஓட ஆரம்பித்தது. இப்போது ஊதுபத்திப் புகை வளைந்து துவாரத்துக்குள்ளே இறங்கியது. கர்ரென்று ஒரு உறிஞ்சல் சத்தம், இளநீர் தீரும்போது வருகிற மாதிரி. மோட்டார் நின்றது. ஈர்க்குச்சியை விட்டு எடுத்து ராஜமாணிக்கம் கையில் கொடுத்தேன். காய்ந்திருந்தது.

"நான் இப்ப காத்து" என்றேன். "தண்ணி வெளிய போச்சு. அந்த எடத்துக்கு நான் வரணும். வழியில்ல. அதனால இந்தக் கதவு தண்ணிய உறிஞ்சிக் குடிச்சிட்டு உள்ள வந்தேன். இனிமே கதவே கெடையாது. குழியில கெடக்குற பாத்திரம் கழுவுன தண்ணி, சோப்புத் தண்ணி நாத்தமெல்லாம் மாடி ஏறும். நீங்க தரையக் கழுவுனா கதவு ரொம்பும், நாத்தம் நிக்கும். எலுமிச்சம்பழத்தால இல்லீங்கம்மா."

சொல்லி வைத்தாற்போல நாற்றம் மெல்ல வந்தது. கலைவாணி நோட்டைத் திறந்து நேரத்தைக் குறித்துக்கொண்டது. வேறு யாராவது அழுதிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள். இந்தப் பெண் குறித்துக்கொண்டது.

"அன்னிக்கு அவரு குழாய் வேணும்னுதான் சொன்னாரு" என்றார் ராஜமாணிக்கம், மனைவியைப் பார்த்து.

"நீங்கதானே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னீங்க?"

"நீ சாமி தலைக்கு மேலன்னு சொல்லல?"

முத்தையா குறுக்கே வந்தார். "சம்பந்தி, கூட்டிட்டுப் போகவா, வேண்டாமா? பஸ்ஸுக்கு நேரமாவுது."

சௌந்தரம் அம்மா மருமகளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "கலைவாணி, அப்பாவுக்கு எல போடு. அப்பறம் அந்த மெஷின எப்படி ஓட்டுறதுன்னு எனக்கும் சொல்லிக் குடு" என்றார். கலைவாணி நோட்டை மூடியது. பிறகு, "சாப்பிட்டுட்டுச் சொல்றேன் அத்தை" என்று படியேறியது. பைகளை அது உடனே அவிழ்க்கவில்லை. மூன்று நாள் கூடத்திலேயே கிடந்ததாம். மாமியார் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தாராம்.

மறுநாளே ஏர் பைப் போட்டேன். குழி மூடியிலிருந்து கிளம்பி, மெஷின் டிராப்பையும் தரை டிராப்பையும் ஒட்டி ஒவ்வொரு கிளை சேர்த்துக்கொண்டு, பின்பக்கச் சுவரோரமாக மொட்டை மாடி வரை. படுத்துப் போகிற இடத்திலும் குழாய் ஏற்றமாகவே போக வேண்டும். இறங்கினால் அங்கே ஈரம் தேங்கிக் காற்றை அடைக்கும். மாடியில் ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்தி, குருவி கூடு கட்டாதபடி வலைத் தொப்பி போட்டேன். பிறகு மெஷினை மூன்று தரம் ஓட விட்டு, மூன்று தரமும் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன். இரண்டு விரற்கடை நனைந்தே இருந்தது. இதைத்தான் குழுவில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இப்போது கடையில் காற்றை உள்ளே மட்டும் விடுகிற ஒரு மூடி விற்கிறது, மாடி வரை போக வேண்டாம் என்கிறீர்கள். அது உறிஞ்சலுக்கு உதவும். மூடிய குழியிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற காற்றுக்கு அது வழி விடாது. குழிக்குக் குழாய்தான்.

இரண்டு மாதம் கழித்து சௌந்தரம் அம்மா போன் செய்தார்.

"திரும்ப வாசனை வருதாம்மா?"

"அதெல்லாம் இல்ல. பாதாளத்துல ஒரு சின்ன அடுப்பு மேடை போடணும். ஒரு சிங்க்கும் வேணும்."

"கீழ எதுக்கும்மா சமையல்?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "புள்ள மாசமா இருக்கா, நாலாம் மாசம். வாய்க்கு ஒண்ணும் புடிக்கல. அவங்கப்பா மீன் கொண்டாந்து தர்றேங்கறாரு. மேல என் அடுப்புல ஆவாது. கீழ செஞ்சுக்கட்டும்."

"தண்ணிக்கு நான் வழி பண்ணிடுறேம்மா. ஆனா மீன் வறுக்குற வாசனையை என்னால மறைக்க முடியாது. தெருவுக்கே தெரியும்."

"தெரியட்டும். யாராவது கேட்டா, செல்வராசு போட்ட லைன் மறுபடி நாறுதுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.